இணைய ஏலத்தில் பழைய வாட்ச்: எதை வாங்கலாம், யாரை விட்டு விலகலாம்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இணைய ஏலத்தில் பழைய சீக்கோவையும் எச்.எம்.டி.யையும் தைரியமாக வாங்கலாம். ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், ஈனிகர் போன்ற சுவிஸ் வாட்சுகளை, பின்மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் மெஷினைப் படம் எடுத்து அனுப்புகிற ஆளிடம் மட்டும் வாங்குங்கள். "சூப்பரா ஓடுது" என்று சொல்லிவிட்டு முன்பக்கப் படத்தையே திரும்பத் திரும்ப அனுப்புகிறவரிடம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நான் கடலூரில் அஞ்சலகக் கவுண்டரில் வேலை பார்ப்பவள். சாவி கொடுக்கிற பழைய வாட்சுகள் மீது ரொம்ப நாளாகவே பிரியம். ஏலத் தளங்களில் வாங்கியிருக்கிறேன், புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை போடும் சந்தையில் வாங்கியிருக்கிறேன், தெரிந்தவர்கள் வீட்டு பீரோவிலிருந்தும் வந்திருக்கிறது. இவற்றில் விதவிதமாகக் கிடைப்பது ஏலத்தில்தான், ஏமாற்று அதிகம் நடப்பதும் அங்கேதான். என் கையில் இருக்கும் எச்.எம்.டி. ஜனதா வாட்சைப் பார்த்துவிட்டு, "மேடம், நானும் ஒண்ணு ஆன்லைன்ல பார்த்து வெச்சிருக்கேன், எடுக்கலாமா?" என்று போனை நீட்டுகிறவர்கள் இப்போது அதிகம். வரிசை நிற்கும்போது நின்று பதில் சொல்ல முடிவதில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து வீடுகளில் பழைய வாட்ச் இருப்பதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பிப் பென்ஷன் வாங்கிய சொல்தா குடும்பங்களில் லிப் வாட்ச் இருக்கும். பிரான்சில் பெசான்சோன் நகரத்துக் கம்பெனி அது, 1867-ல் தொடங்கியது. கடலூர், பரங்கிப்பேட்டைப் பக்கம் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய் வந்தவர்கள் கொண்டுவந்தது சீக்கோ 5. சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்கள் கையில் எச்.எம்.டி. இவை நிஜமான குடும்பக் கதைகள். நிஜக் கதைகள் இருக்கிற இடத்தில் பொய்க் கதையும் சுலபமாக விலைபோகும். "பிரெஞ்சு காலத்து வாட்ச், பாண்டிச்சேரி சொல்தா வீட்டில் வாங்கியது" என்று விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும், ஏலத் தொகை விறுவிறுவென்று ஏறிவிடுகிறது.

கதையை ஓரமாக வைத்துவிட்டு டயலின் அடியைப் பாருங்கள். 6 மணிக்குக் கீழே பொடி எழுத்தில் 'சுவிஸ்' என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் ஆங்கில 'டி' எழுத்து இருந்தால், இருட்டில் ஒளிர அதில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது 1960-களில் வந்த வழக்கம். அந்த டயலை வைத்துக்கொண்டு "1954-க்கு முன்னாடி, புதுச்சேரி பிரெஞ்சுக்காரங்க கையில இருந்தப்போ வாங்கினது" என்று ஒருவர் சொன்னால், அவர் சொல்லும் மற்ற எதையும் நம்ப வேண்டியதில்லை. டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 12 வருஷத்துக்குச் சற்று மேல். அறுபதுகளில் பூசியது இன்றைக்கு ராத்திரி முழுக்கப் பளிச்சென்று ஒளிர வாய்ப்பே இல்லை. "இப்பவும் இருட்டுல எரியும் மேடம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், முள்ளுக்கும் டயலுக்கும் புதுப் பூச்சு அடித்திருக்கிறார்கள் என்று அவரே சொல்லிவிடுகிறார்.

சரி, இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பழைய வாட்ச் சேர்ப்பவர்கள் 'பாம்பே டயல்' என்று சொல்வது, பழைய டயலைச் சுரண்டி, புதுப் பெயின்ட் அடித்து, பெயரைப் புதிதாக அச்சடித்தது. நீலம், ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று கம்பெனி ஒருநாளும் போடாத நிறங்களில் வரும். உள்ளே எந்த மெஷின் கிடைக்கிறதோ அதைப் போட்டுவிடுவார்கள். உலகத்தில் எங்கே பழைய வாட்ச் பேசுகிறவர்கள் கூடினாலும் இந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியும். இந்திய விற்பனையாளர்கள் எல்லோருக்குமே இதனால் கெட்ட பேர்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவருடைய அப்பா ஃபேவர் லூபா கட்டியவர். அதே மாதிரி வேண்டும் என்று ஏலத்தில் ஒரு 'ஸீ சீஃப்' எடுத்தார். "ஒரிஜினல் டயல், முழு சர்வீஸ் செய்தது" என்று விளம்பரம். வந்து சேர்ந்த மறுநாள் என்னிடம் காட்டினார். டயல் மயில் கழுத்து நீலம். நான் ஒன்றும் சொல்லாமல், புதுச்சேரிக்குப் போய் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பாயிடம் காட்டிவிடலாம் என்றேன்.

பாய் கடை பெரிய மார்க்கெட் பக்கம். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம், கண்ணாடிப் பெட்டி, டேபிள் லைட். அவருடைய அப்பா காலத்திலிருந்து அங்கேதான். வாட்சை வாங்கினார், கண் லென்ஸை மாட்டினார், முதலில் டயலைத்தான் பார்த்தார்.

"அம்மா, லென்ஸ் வெச்சு நீங்களே பாருங்க. நிமிஷக் கோடு எங்க முடியுது?"

பார்த்தேன். ஓரத்தில் உள்ள நிமிஷக் கோடுகள் 'சுவிஸ் மேட்' எழுத்தின் மேலேயே ஏறிப் போயிருந்தன. மணியைக் காட்டும் கட்டைகளின் அடியில் பெயின்ட் தேங்கிக் காய்ந்திருந்தது. 12-க்கு நேராக இருக்க வேண்டிய கோடு ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளி இருந்தது. சாதாரணக் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. லென்ஸில் பார்த்தால் அவசர வேலை என்று பச்சையாகத் தெரிகிறது.

பின்மூடியைத் திறந்தார். மெஷினைச் சுற்றி வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் வளையம்.

"இந்தக் கேஸுக்கு இந்த மெஷின் இல்லம்மா. சின்ன மெஷினை உள்ள வெச்சு, ஆடாம இருக்க வளையம் போட்டிருக்கான். ஃபேவர் லூபான்னா மெஷினோட மேல்தகடு, பிரிட்ஜ்னு சொல்வோம், அது மேல பேரு வெட்டியிருக்கும். இதுல எங்க இருக்கு?"

பேலன்ஸ் வீலுக்கு அடியில் ஊசி முனையால் சுட்டிக் காட்டினார். எஃப்.எச்.எஃப்., பக்கத்தில் 96. விலை குறைந்த சுவிஸ் வாட்சுகளில் ஏராளமாக வந்த மெஷின் அது. மட்டமானது என்று சொல்ல மாட்டேன், பழுது பார்ப்பதும் சுலபம். ஆனால் வாத்தியார் காசு கொடுத்தது அதற்கல்ல. ஃபேவர் லூபா 1737-லிருந்து வருகிற பெயர். 1962-ல் உயரமும் காற்றழுத்தமும் காட்டும் 'பிவுவாக்' வாட்சைக் கொண்டுவந்த கம்பெனி. அந்தப் பெயரை எவனோ ஒரு தகரத்தில் அச்சடித்து விற்கிறான் என்றால் எனக்குக் கோபம் வருகிறது. வாத்தியார் மெதுவாக, "எங்க அப்பா கட்டியிருந்ததும் கிட்டத்தட்ட இப்படித்தாம்மா இருக்கும்" என்றார். பாய் பதில் சொல்லாமல் மூடியைத் திருகி வைத்தார்.

பின்மூடியின் உட்பக்கத்தைப் பற்றி ஒரு விஷயம். பழுது பார்க்கிறவர்கள் அங்கே ஊசியால் தங்கள் அடையாளத்தையும் தேதியையும் கீறி வைப்பது பழைய வழக்கம். உண்மையிலேயே பல வருஷம் ஒருவர் கட்டிய வாட்ச் என்றால் இரண்டு மூன்று கீறலாவது இருக்கும். மெஷின் படம் கேட்கும்போது மூடியின் உட்பக்கத்தையும் கேளுங்கள். ஸ்க்ரூ தலைகளையும் பாருங்கள். காடி சிதைந்து மழுங்கியிருந்தால் கற்றுக்குட்டி கை வைத்திருக்கிறது. சாவி கொடுக்கும் திருகான கிரவுனின் தண்டைச் சுற்றித் துரு இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கடல் காற்றுள்ள எங்கள் ஊர்களில் பாயிடம் வரும் வாட்சுகளில் பாதிக்கு அந்தத் துருதான்.

டயலுக்கு மறுபெயின்ட் அடிப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. உப்புக் காற்றில் கறுத்துப் போன டயலைச் சுத்தம் செய்து அடித்துக் கட்டுகிறவர்கள் உண்டு. அது அவரவர் விருப்பம். அதை மறைத்து, 'ஒரிஜினல்' என்று எழுதி, ஒரிஜினல் விலை வாங்குவதுதான் திருட்டு.

சீக்கோவை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம், சரிபார்க்க வேண்டியதை எல்லாம் அந்தக் கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது. பின்மூடியில் நான்கு இலக்கம், ஒரு கோடு, அப்புறம் கேஸ் எண் இருக்கும். உதாரணமாக 7009-876ஏ. முதல் நான்கும் மெஷின் எண். டயலின் அடி ஓரத்தில், லென்ஸ் வைத்தால் மட்டும் தெரியும் அளவுக்குப் பொடியாக ஒரு எண் இருக்கும். அதுவும் பெரும்பாலும் அதே நான்கு இலக்கத்தில் தொடங்க வேண்டும். மெஷினைத் திறந்தால் அங்கேயும் அதே எண். மூன்றும் பொருந்தினால் பாதிக் கவலை போயிற்று. பாம்பே டயல் அடிக்கிறவர்கள் அந்தப் பொடி எண்ணை விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் எல்லா டயலிலும் ஒரே எண்ணைப் போடுவார்கள்.

வயதும் பின்மூடியிலேயே இருக்கிறது. வரிசை எண்ணின் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரைக்கும் 1 முதல் 9 வரை, அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஆங்கிலத்தில் ஓ, என், டி. 8N என்று தொடங்கினால் எட்டில் முடியும் ஒரு வருஷத்து நவம்பர். எந்தப் பத்தாண்டு என்பதை மெஷின் எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டும். 7எஸ்26 மெஷின் வந்தது 1996-ல். மூடியில் அந்த எண் இருக்கிற வாட்சை "எழுபதுகளில் சிங்கப்பூரில் வாங்கியது" என்று போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். விலை கேட்கக்கூடப் போகவில்லை.

சீக்கோ 5-ல் கிரவுன் 4 மணிப் பக்கம் உள்ளடங்கி இருக்கும், கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் வரும். கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் என்பதால், உள்ளே ரோட்டர் என்கிற எடைத் தகடு சுழல வேண்டும். வாட்சைக் காதருகே வைத்து மெதுவாக ஆட்டினால் அது ஓடுகிற சத்தம் கேட்கும். விற்கிறவரிடம் அதையும் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். என் அக்கா மகனுக்கு நான் ஏலத்தில் எடுத்துக் கொடுத்த 7009 இன்னமும் தினமும் அவன் கையில் ஓடுகிறது. கண்ணாடி மட்டும் பாய் மாற்றிக் கொடுத்தார்.

எச்.எம்.டி. கதை வேறு. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கினார்கள். பிறகு தும்கூர், ஸ்ரீநகர், ராணிபாக் என்று பரவியது. 2016-ல் மத்திய அமைச்சரவைக் குழு வாட்ச் பிரிவை மூட ஒப்புதல் கொடுத்தது. அந்தச் செய்திகள் வந்த காலத்தில்தான் ஆளாளுக்குத் தேடித்தேடி வாங்க ஆரம்பித்தார்கள். கூடவே "பிரிக்காத பழைய ஸ்டாக்" என்கிற விளம்பரங்களும் கிளம்பின. உண்மையான பழைய ஸ்டாக்கில், ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் உட்புறம் கீறல் இருக்காது, பின்மூடி விளிம்பில் கத்தி வைத்து நெம்பிய தடம் இருக்காது. அந்த இரண்டு இடத்தையும் கிட்டப் படம் கேட்டாலே பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். ராணுவச் சின்னம் போட்ட டயல்களையும் சந்தேகத்தோடு பாருங்கள். பட்டாளத்து வாட்ச் என்றால் விலை கூடும் என்று தெரிந்து அச்சடிக்கிறார்கள்.

ஆனாலும் எச்.எம்.டி.யைத் தைரியமாக வாங்கச் சொல்வதற்குக் காரணம், விலை குறைவு, பார்ட்ஸ் தாராளம், மெஷினைத் தெரியாத ரிப்பேர்காரர் இல்லை. என் ஜனதா 17 கல் வைத்த சாவி வாட்ச். வெள்ளை டயல், ஓரத்தில் லேசாக மஞ்சள் பூத்திருக்கிறது. காலையில் காபி போடும்போது சாவி கொடுத்தால் மறுநாள் காலை வரைக்கும் கவலை இல்லை. டயலில் புள்ளி புள்ளியாகக் கறை இருப்பதை விற்றவரே படத்தில் வட்டம் போட்டுக் காட்டியிருந்தார். அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் நான் அவரிடம் வாங்கினேன்.

மோசடிக்காரரை அடையாளம் காட்டுவது வாட்சை விட அவருடைய பதில்கள்தான். ஒரு வெஸ்ட் எண்ட் 'சோவார் பிரைமா'வுக்காக ஒருவரோடு நான் பேசியது கிட்டத்தட்ட இப்படி:

"வணக்கம் சார். பின்மூடி திறந்து மெஷின் படம் அனுப்ப முடியுங்களா?"

"மேடம், மெஷின் பக்கா கண்டிஷன். ஓடுற வீடியோ போட்டிருக்கேன் பாருங்க."

"பார்த்தேன் சார். மெஷின் படம்தான் வேணும்."

"திறந்தா உள்ள தூசி போயிடும் மேடம். உங்களுக்கா, இல்ல சாருக்கா? லேடீஸ் வாட்ச் கலெக்‌ஷனும் இருக்கு."

"எனக்குத்தான் சார். திறக்க வேணாம், முள்ளை 7 மணி 25 நிமிஷத்துல வெச்சு, பக்கத்துல இன்னைக்குத் தேதி எழுதின பேப்பரோட ஒரு படம் அனுப்புங்க."

ரொம்ப நேரம் பதில் இல்லை. ராத்திரி வந்தது: "இன்னும் ரெண்டு பேர் கேட்டுட்டிருக்காங்க மேடம். இப்பவே ஜீபே பண்ணுங்க, ஏலத்தை முடிச்சிடறேன். ஆயிரம் குறைச்சுக்கலாம்."

தேதி எழுதிய தாளோடு படம் எடுக்க ஒரு நிமிஷம் போதும். அதை ஒருவர் செய்ய மறுத்தால், பெரும்பாலும் அந்த வாட்ச் அவர் கையிலேயே இல்லை, படம் வேறு யாருடையதோ. அந்தப் படத்தைப் போனில் பதிவிறக்கி இணையத்தில் படத்தேடல் போட்டுப் பாருங்கள், வேறு விளம்பரத்தில் அதே கீறலோடு அதே வாட்ச் நிற்கும். அப்புறம், தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொல்வது. அனுப்பிவிட்டால் தளம் கொடுக்கிற பாதுகாப்பு எதுவும் கிடையாது. ஆயிரம் ரூபாய் தள்ளுபடி கொடுக்கிறாரே என்று பார்க்காதீர்கள்.

விற்பனையாளரின் பழைய மதிப்பீடுகளைப் படிக்கும்போது மொத்த சதவீதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். எதை விற்று அந்தப் பேரைச் சம்பாதித்தார் என்று பாருங்கள். ஸ்ட்ராப், பேட்டரி, போன் கவர் என்று சில்லறைச் சாமான் விற்று நட்சத்திரம் வாங்கிவிட்டு, திடீரென்று விலையுயர்ந்த சுவிஸ் வாட்சை ஏலம் விட்டால் ஒதுங்கிவிடுங்கள். குறை சொன்னவர்களுக்கு அவர் எப்படிப் பதில் எழுதியிருக்கிறார் என்பதையும் படியுங்கள். வாங்கியவரைத் திட்டி எழுதுகிறவர் நாளைக்கு உங்களையும் திட்டுவார்.

ஏலத்திலேயே நடக்கிற மோசடி, ஆள் வைத்து விலை ஏற்றுவது. விற்கிறவரே இன்னொரு பெயரில், அல்லது மச்சான் பெயரில், உங்களுக்கு எதிராகக் கேட்பார். ஈபேயில் கேட்டவர்கள் பட்டியலைத் திறந்தால், பெயரை மறைத்திருந்தாலும், ஒவ்வொருவரும் சமீபத்தில் கேட்டவற்றில் எத்தனை சதவீதம் இதே விற்பனையாளரிடம் என்று காட்டும். ஒரு ஆள் பல ஏலத்தில் கேட்டு, எல்லாம் ஒரே ஆளிடம், ஆனால் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை என்றால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே புரியும். ஏலத்தில் தோற்றுப்போன அடுத்த நாள், "ஜெயிச்சவர் பணம் கட்டலை, உங்க கடைசி விலைக்கே தர்றேன்" என்று செய்தி வந்தாலும் உஷாராக இருங்கள். உண்மையிலேயே பணம் கட்டாமல் போகிறவர்களும் உண்டு. ஆனால் ஏற்றிவிட வைத்த ஆளே தவறிப்போய் ஜெயித்துவிட்டாலும் இதே செய்திதான் வரும். அந்த நேரத்தில் பட்டியலைத் திறந்து, அந்த ஆள் உள்ளே வருவதற்கு முன் விலை எங்கே நின்றது என்று பார்த்து, அந்த விலைக்கு மட்டும் சம்மதம் சொல்லுங்கள்.

நான் வாட்சின் உச்ச விலையை முன்பே முடிவு செய்துவிடுவேன். அதில் தபால் செலவு, பாயின் சர்வீஸ் கூலி இரண்டையும் கழித்துவிட்டு, மிச்சத்தை ஏலம் முடியும் தறுவாயில் ஒரே தரம் போடுவேன். பெரிய தளங்களில் நீங்கள் போடுகிற உச்சத் தொகை முழுதும் போவதில்லை. இரண்டாவதாகக் கேட்டவரை விட ஒரு படி மேலே நின்றுவிடும். முன்கூட்டியே போட்டால் ஏற்றிவிடுகிறவருக்கு நேரம் கொடுத்தது போல் ஆகும். "முழு சர்வீஸ் செய்தது" என்று யார் எழுதினாலும் நான் சர்வீஸ் கூலியைக் கழிக்காமல் விடுவதில்லை. நல்ல ரிப்பேர்காரரிடம் வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைமிங் மெஷின் இருக்கும். சர்வீஸ் ஆன சாவி வாட்ச், டயல் மேலே பார்க்க வைத்தால், 270 டிகிரிக்குப் பக்கத்திலாவது ஆம்ப்ளிட்யூட், அதாவது பேலன்ஸ் வீல் ஆடும் அளவு, காட்ட வேண்டும். 200-க்குக் கீழே போனால் எண்ணெய் காய்ந்து கிடக்கிறது. உண்மையிலேயே சர்வீஸ் செய்தவர் அந்தத் திரையைப் படம் எடுத்து அனுப்பத் தயங்க மாட்டார்.

2018 ஆகஸ்டில் ஈபேயின் இந்தியத் தளம் மூடிய பிறகு, நம் ஆட்களில் பலர் வாட்ஸ்அப், பேஸ்புக் குழுக்களில் படம் போட்டு ஏலம் விடுகிறார்கள். அங்கே பணம் நேராக விற்கிறவருக்குப் போகிறது. குழு நடத்துகிறவருக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. அதில் நல்லவர்களும் இருக்கிறார்கள், என் ஜனதாவை விற்றவரே அப்படி ஒரு குழுவில் கிடைத்தவர்தான். என்றாலும் குழு ஏலத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் நான் போவதில்லை. பணம் திருப்பித் தருகிறேன் என்று யாராவது க்யூ.ஆர். கோடு அனுப்பி ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொன்னால், அந்த நிமிஷமே நிறுத்துங்கள். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை.

இனி என் தொழில் விஷயம். "பார்சல் வந்ததும் பணம் கட்டுகிறேன், அதனால் பயமில்லை" என்று வி.பி.பி.யில் வரவழைக்கிறவர்கள் உண்டு. வி.பி.பி.யில் பணம் கட்டிய பிறகுதான் பிரிக்க முடியும். உள்ளே செங்கல் இருந்தாலும் முதலில் பணம் போய்விடும். அதை விட, விற்கிறவரிடம் தபால் ரசீதின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் எடை இருக்கும். ஸ்டீல் செயினோடு ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச், பெட்டியும் சேர்த்து, கடிதம் போல எடை காட்டினால் உள்ளே வாட்ச் இல்லை. ஸ்பீடு போஸ்ட் எண் 13 எழுத்து, ஆங்கில 'இ'-யில் தொடங்கி 'ஐ.என்.' என்று முடியும். அஞ்சல் துறைத் தளத்தில் போட்டால் எந்த அலுவலகத்தில் புக் ஆனது என்று காட்டும். புதுச்சேரி சொல்தா வீட்டு வாட்ச் என்றால் 605-ல் தொடங்கும் பின்கோடு வர வேண்டாமா? வாத்தியாருடைய வாட்சின் விளம்பரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. உறை மேல் அனுப்புனர் பின்கோடு மும்பையின் 400-ல் தொடங்கியது.

பார்சல் கைக்கு வந்ததும், முத்திரையும் முகவரியும் தெரிய, நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாகப் பிரித்து எடுங்கள். ஏலம் நடக்கும்போதே விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், முடிந்த பிறகு அதை மாற்றிவிடுவார்கள். வாத்தியாருக்குப் பணம் திரும்பக் கிடைத்ததே இவற்றால்தான். விற்றவர் முதலில் "பழைய பொருள்னா அப்படித்தான் இருக்கும் சார்" என்றார். நாங்கள் விவாதம் பண்ணவில்லை. 'ஒரிஜினல் டயல்' என்ற வரி இருக்கும் ஸ்கிரீன்ஷாட், பிரித்த வீடியோ, பாய் எடுத்துக் கொடுத்த மெஷின் படங்கள், பிளாஸ்டிக் வளையம் தெரியும்படி ஒன்று, எல்லாவற்றையும் தளத்தின் புகார்ப் பக்கத்தில் ஏற்றினோம். வாட்சைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள், நானே புக் செய்து கொடுத்தேன், பணம் வந்தது. விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. தளம் கைவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் 1930, அதுவும் தாமதிக்காமல் உடனே.

லிப் வாட்சைப் பற்றிக் கேட்பவர்களுக்கு. ஏலத்தில் வருகிற 'தங்க லிப்'களில் பலவும் முலாம். பின்புறத்தில் '20 மைக்ரான்' என்று இருந்தால் அது முலாமின் கனம், தங்க வாட்ச் இல்லை. பிரான்சில் செய்த 18 காரட் தங்கக் கேஸ் என்றால் கழுகுத் தலை முத்திரை இருக்கும், 1838-லிருந்து உள்ள வழக்கம். குண்டூசித் தலை அளவுதான் இருக்கும், லென்ஸில் பாருங்கள். டிரிட்டியத்துக்கு முந்தைய டயல்களில் ரேடியம் பூசியிருக்கலாம். ஒளி செத்துப் போயிருக்கும், ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 வருஷம், அது சாகவில்லை. அப்படிப்பட்ட வாட்சை வீட்டில் திறக்காதீர்கள், பூச்சைச் சுரண்டாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். லிப்புக்கு நம் ஊரில் பார்ட்ஸ் கிடைப்பது கஷ்டம் என்பதால் அதை நான் ஏலத்தில் தேடுவதில்லை. புதுச்சேரியில் குடும்பங்களிடம் நேரில் பார்த்து, பாயிடம் திறந்து காட்டிவிட்டுத்தான் விலை பேசுவேன்.

வாத்தியாருக்கு இப்போது வேறொரு ஃபேவர் லூபா, 'ஸீ கிங்', பார்த்திருக்கிறோம். மெஷின் படம் கேட்ட அன்றைக்கே வந்துவிட்டது, பிரிட்ஜில் பெயர் இருக்கிறது, மூடியின் உள்ளே மூன்று கீறல். கிரவுன் மட்டும் பின்னால் மாற்றியது என்று விற்பவரே எழுதியிருக்கிறார். பாயும் படங்களைப் பார்த்துச் சரி என்றார். வாத்தியார் தன் உச்ச விலையைச் சொல்லிவிட்டார், வெள்ளிக்கிழமை ராத்திரி ஏலம் முடிகிறது.